சுக்கினி தண்ணீர் விடுகிறதா, குழைகிறதா, கசக்கிறதா? வெட்டும்போதே கோளாறைச் சரிசெய்யும் வழிமுறை

சுக்கினி சரியாக வராவிட்டால் பெரும்பாலும் அடுப்பைத்தான் குறை சொல்வோம். தீ போதவில்லை, எண்ணெய் குறைந்துவிட்டது, பாத்திரம் சரியில்லை என்போம். ஆனால் இந்தக் காயில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் கத்தி வைக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. 100 கிராம் சுக்கினியில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் காய்க்குள்ளேயே நிற்குமா, வெளியே வழிந்து ஓடுமா, ஆவியாகிப் போகுமா என்பதைத் துண்டின் வடிவமும் கனமும்தான் தீர்மானிக்கின்றன.

சுக்கினி, ஜுக்கினி, கோர்ஜெட் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் காய் ஒன்றுதான். பூசணி இனத்துக் காய். ஆனால் முற்றுவதற்கு முன்பே, இளசாகப் பறிப்பது. ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், மூன்று பகுதிகள் தெரியும். வெளியே மெல்லிய தோல். அதை ஒட்டிக் கெட்டியான சதை வளையம். நடுவில் விதையோடு கூடிய, பஞ்சு போன்ற பகுதி. நடுப்பகுதி முதலில் குழையும், சதை வளையம் அடுத்து வேகும், தோல் கடைசிவரை துண்டைப் பிடித்து நிறுத்தும். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பாதிக்கு விளக்கம் இந்த வெட்டு முகத்திலேயே இருக்கிறது.

வாணலியில் தண்ணீர் நிற்கிறது, காய் வதங்காமல் வெந்துவிடுகிறது

முதலில் காதால் கண்டுபிடியுங்கள். காயைப் போட்டதும் ‘சர்’ரென்று கேட்ட சத்தம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கி, மெதுவாகக் கொதிக்கும் சத்தமாக மாறினால், காய் விடும் தண்ணீர் ஆவியாவதைவிட வேகமாகச் சேர்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆவியாகப் பெரும் சூடு வேண்டும். அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் சூட்டைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு, கொதித்த தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படும். அரைக் கிலோ காயை ஒரே நேரத்தில் கொட்டினால் சாதாரண வீட்டு அடுப்பால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். துண்டு மிக மெல்லிசு. பாத்திரத்தில் நெரிசல். உப்பு முன்னதாகவே விழுந்துவிட்டது. அல்லது கழுவிய காய் ஈரத்தோடு போயிருக்கிறது. மூடி போட்டு வதக்கினால் அது ஐந்தாவது காரணம். சுக்கினி வதக்கும்போது மூடியே வேண்டாம்.

துண்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 3, 4 மில்லிமீட்டருக்குச் சீவினால் சீக்கிரம் வேகும் என்று தோன்றும். வேகும், அது உண்மைதான். ஆனால் வெட்டுப்பட்ட பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் வெளியேறும். மெல்லிய வில்லை சிவப்பதற்குள் உள்ளே முழுக்கக் குழைந்துவிடும். வதக்கலுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம் வேண்டும். அதாவது சுண்டுவிரலின் கனத்துக்குச் சற்றுக் குறைவு. காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டு முகத்தைப் பலகையில் கவிழ்த்து, இந்தக் கனத்துக்கு அரைவட்டமாக நறுக்குங்கள்.

28 முதல் 30 செ.மீ. அகல வாணலியில் ஒரு தடவைக்கு 300 கிராம் போதும். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பும் அளவு அதுதான். பாத்திரத்தை நன்றாகக் காயவிட்டு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். துடைத்துக் காயவைத்த துண்டுகளை வெட்டு முகம் கீழே இருக்கும்படி பரப்பி, 2 முதல் 3 நிமிடம் கிளறாமல் விடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் எந்தப் பக்கமும் சிவக்காது. அடியில் பொன்னிறம் வந்ததும் திருப்பி இன்னும் 2 நிமிடம். உப்பு, அடுப்பை அணைக்கும்போது.

ஏற்கனவே தண்ணீர் நின்றுவிட்டதா? தீயைக் கூட்டிக் காயையும் சேர்த்து வற்றவிட வேண்டாம். தண்ணீர் வற்றுவதற்குள் காய் கூழாகிவிடும். துண்டுகளை ஓட்டைக் கரண்டியால் தட்டில் எடுத்து வையுங்கள். தண்ணீரை மட்டும் கொதிக்கவிட்டு ஒரு கரண்டி அளவுக்குச் சுண்டவிடுங்கள். பிறகு காயைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு. சிவந்த நிறம் கிடைக்காது, ஆனால் ருசி வீணாகாது. வெளியேறிய தண்ணீரில்தான் காயின் இனிப்பும் இருக்கிறது, அதைக் கீழே கொட்டிவிடாதீர்கள்.

பாதி குழைந்தது, பாதி நறுக்கென்று இருக்கிறது

காம்புப் பக்கம் ஒல்லியாகவும் மறுமுனை பருத்தும் இருக்கும் காயை ஒரே இடைவெளியில் வட்டமாக வெட்டிக்கொண்டே போனால், கனம் ஒன்றாக இருந்தாலும் அளவு ஒன்றாக இருக்காது. ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டமும் உள்ளங்கை அகல வட்டமும் ஒரே நேரத்தில் எப்படி வேகும்?

காயை நடுவில் குறுக்கே வெட்டி இரண்டு பாதியாக்குங்கள். ஒல்லிப் பாதியை நீளவாக்கில் இரண்டாகவும், பருத்த பாதியை நீளவாக்கில் நான்காகவும் பிளந்து, அதன்பின் குறுக்கே நறுக்குங்கள். துண்டுகள் கிட்டத்தட்ட ஒரே எடைக்கு வந்துவிடும். கால்வட்டத் துண்டில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் தோல் இருப்பதால் கிளறும்போது உடையாது.

குழம்பு மாதிரி நீர்த்த பதத்தில் வேகவைப்பதானால் உருட்டு வெட்டு இன்னும் நல்லது. காயைப் படுக்கவைத்து, கத்தியைச் சாய்வாக வைத்து ஒரு வெட்டு. காயைக் கால் சுற்று உருட்டி மறுபடி அதே சாய்வில் ஒரு வெட்டு. ஒல்லியான இடத்தில் இடைவெளியைக் கூட்டி, பருத்த இடத்தில் குறைத்தால் எல்லாத் துண்டும் சமமாக அமையும். 2 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டுங்கள். கொதி வந்தபின் சேர்த்தால் 6 முதல் 8 நிமிடத்தில் வெந்துவிடும். மற்றக் காய்களோடு முதலிலேயே போட்டால் அவை வேகும்போது இது கரைந்து போயிருக்கும்.

நடுப்பகுதி கழன்று, வளையம் மட்டும் மிஞ்சுகிறது

காய் முற்றிவிட்டது. 15 முதல் 20 செ.மீ. நீளம், 150 முதல் 250 கிராம் எடை இருக்கும் காயில் இந்தத் தொல்லை வராது. கை நீளத்துக்கு வளரவிட்ட காயில் விதை கெட்டியாகி, சுற்றியுள்ள பகுதி நார்விட்டுப் போயிருக்கும். சந்தேகமாக இருந்தால் கட்டைவிரல் நகத்தால் தோலை அழுத்திப் பாருங்கள். நகம் எளிதாக இறங்கினால் இளசு. வழுக்கிக்கொண்டு போனால் தோலும் முற்றிவிட்டது.

முற்றிய காயைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நீளவாக்கில் பிளந்து, ஸ்பூனால் நடுப்பகுதியை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் வழித்தெடுங்கள். கெட்டிச் சதை மட்டும் மிஞ்சும். தோல் நகத்துக்கு மசியவில்லை என்றால் அதையும் சீவிவிடுங்கள். மிஞ்சும் சதையை 2 செ.மீ. கட்டங்களாக்கினால் நன்றாக வேகும், துருவலுக்கும் ஆகும். வழித்த நடுப்பகுதி இளசாக இருந்தால் சூப்பில் வேகவைத்து அரைத்துவிடலாம். விதை பல்லில் மாட்டும் அளவுக்கு முற்றியிருந்தால் உரத்துக்குத்தான்.

கசக்கிறது

இந்த ஒன்றில் மட்டும் சமாளிக்கும் வழி எதுவும் கிடையாது. கசந்தால் கொட்டிவிடுங்கள்.

பூசணி இனத்துச் செடிகள் தங்களைத் தின்ன வரும் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ளக் குக்குர்பிட்டாசின் என்ற பொருளைச் சுரக்கின்றன. பயிரிடும் ரகங்களில் அது மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். சில காய்களில் அது திரும்ப வந்துவிடும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது சிதையாது. உப்பில் ஊறவைப்பது, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை எல்லாம் கசப்பை மறைக்குமே தவிர நஞ்சை எடுக்காது. வெள்ளரிக்காயில் செய்வதுபோல் நுனியை வெட்டித் தேய்ப்பதை நம்பி இருக்காதீர்கள்.

சாப்பிட்டால் வயிற்றுப்பிடிப்பு, வாந்தி, பேதி வரும். சில வாரம் கழித்து முடி கொட்டியதாகவும் மருத்துவப் பதிவுகள் உண்டு. 2015 ஆகஸ்டில் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் ஒருவர் இறந்துபோனார். கசப்புக் காயைச் சாப்பிட்ட பிறகு வாந்தியோ பேதியோ தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

சோதிப்பது எளிது. காம்புப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய வில்லை வெட்டி நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். சப்பென்றோ லேசான இனிப்பாகவோ இருந்தால் சரி. கசந்தால் துப்பி, வாயைக் கொப்பளித்துவிட்டு அந்தக் காயை ஒதுக்குங்கள். கடையில் வாங்கும் காயில் இது அபூர்வம். ஆனால் வீட்டில் எடுத்துவைத்த விதையில் விளைந்தது, உரக்குழியில் தானாக முளைத்தது, கடும் வறட்சியில் வாடிய செடியில் காய்த்தது என்றால் ஒவ்வொரு காயையும் சோதியுங்கள். பக்கத்தில் அலங்காரப் பூசணி வளர்ந்திருந்தால் மகரந்தம் கலந்திருக்கலாம். அந்த ஆண்டுக் காயில் அது தெரியாது. அதன் விதையைப் போட்டு அடுத்த ஆண்டு வரும் காயில்தான் கசப்பு ஏறும். அதனால் ‘போன வருஷம் நன்றாகத்தானே இருந்தது’ என்ற நினைப்பில் விட்டுவிடாதீர்கள்.

பலருக்குச் சேர்த்துச் சமைக்கும்போது எல்லாக் காயையும் ஒன்றாக நறுக்கிய பிறகு சோதித்துப் பயனில்லை. ஒரு கசப்புக் காய் மொத்தப் பாத்திரத்தையும் கெடுக்கும். ஒவ்வொரு காயின் காம்பை வெட்டும்போதே அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

துருவிச் சேர்த்த மாவு நீர்த்துப்போகிறது, கேக் நடுவில் அமுங்குகிறது

துருவல் என்பது தண்ணீர்ப் பையை ஆயிரம் இடத்தில் கிழிப்பது போல. மாவில் கலந்த பிறகு, அதுவும் உப்பு சேர்ந்த பிறகு, பத்து நிமிடத்தில் மாவின் பதமே மாறிவிடும். மாவைக் கூட்டிச் சரிசெய்யப் பார்த்தால் தின்ன முடியாத கட்டியாகும்.

துருவியின் பெரிய ஓட்டையைப் பயன்படுத்துங்கள். சிறிய ஓட்டை காயைக் கூழாக்கும், கூழைப் பிழியவே முடியாது. 500 கிராம் துருவலுக்கு ஒரு தட்டையான தேக்கரண்டி தூளுப்பு, அதாவது 5, 6 கிராம். பிசிறி வடிதட்டில் 20 நிமிடம் வையுங்கள். உப்பு, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு சுத்தமான மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி, நான்கு முனையையும் சேர்த்து முறுக்குங்கள். ஒருமுறை முறுக்கி, துணியைப் பிரித்துத் துருவலைப் புரட்டி, மறுபடி முறுக்க வேண்டும். இரண்டாவது முறுக்கில் வரும் தண்ணீரைப் பார்த்தால் முதல் முறுக்கு போதாது என்பது தெரியும். கையில் எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டு வரக் கூடாது. அதுதான் தட்டித் தவாவில் போடுவதற்கான பதம்.

கேக்குக்கு இந்த அளவுக்கு வேண்டாம். உப்பும் வேண்டாம். துருவியதை ஒருமுறை கையால் லேசாகப் பிழிந்தால் போதும், மிச்ச ஈரம்தான் கேக்கை மெத்தென்று வைக்கும். ஆனால் செய்முறையில் ‘ஒரு கப் துருவல்’ என்றிருந்தால் பிழிவதற்கு முன்பா, பின்பா என்று பாருங்கள். பிழிந்தால் அளவு கணிசமாக இறங்கிவிடும். முடிந்தால் எடைபோட்டுச் செய்யுங்கள். பச்சைப் புள்ளி தெரியக் கூடாதென்றால் தோலைச் சீவிவிட்டுத் துருவலாம். அந்த ஒரு காரணத்தைத் தவிர இளங்காயின் தோலைச் சீவ அவசியமே இல்லை.

மாவு கரைத்த பிறகு நீர்த்துவிட்டது என்றால், கரண்டியால் எடுத்து வடிகட்டியில் போட்டு 5 நிமிடம் விடுங்கள். கீழே இறங்கும் நீரை ஒதுக்கிவிட்டு மேலே நிற்பதைப் பொரியுங்கள். அடுத்த தடவை, பிழிந்த துருவலைக் கடைசியில் சேர்த்து உடனே தவாவுக்கு எடுத்துப் போங்கள்.

உப்பில் வைத்துப் பிழிந்தபின் உவர்ப்பாக இருக்கிறது

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறியிருக்கும், அல்லது சரியாகப் பிழியவில்லை. போட்ட உப்பில் பெரும்பகுதி பிழிந்த தண்ணீரோடுதான் வெளியேறும். தண்ணீர் உள்ளே நின்றால் உப்பும் உள்ளே நிற்கும். குழாய்த் தண்ணீரில் சில நொடி அலசி, மறுபடி பிழியுங்கள். கல்லுப்பும் தூளுப்பும் கரண்டிக் கணக்கில் ஒரே எடை வராது, அதையும் கவனியுங்கள். எதுவானாலும் சமையலில் மறுபடி உப்பு சேர்க்கும் முன் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்ப்பது நல்லது.

காய் உருள்கிறது, வில்லை கத்தியில் ஒட்டுகிறது, வெட்டும்போது நசுங்குகிறது

உருள்வதற்கு: நீளவாக்கில் ஒரு பக்கம் மெல்லிய பட்டையாகச் சீவிவிட்டு, அந்தத் தட்டைப் பக்கத்தைக் கீழே வையுங்கள். பலகைக்கு அடியில் ஈரத்துணி.

ஒட்டுவதற்கு: கத்தியை நேராக அழுத்தி இறக்காமல், நுனியைப் பலகையில் வைத்துப் பின்னோக்கி இழுத்து வெட்டுங்கள். கத்தியை நடுநடுவே ஈரத்துணியில் துடைத்தால் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

நசுங்குவதற்கு: கத்தி மழுங்கிவிட்டது. தோல் மெல்லியது என்பதால் மழுங்கிய கத்தியும் வெட்டத்தான் செய்யும், அதனால் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் வெட்டிய முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பாக, மங்கலாக இருந்தால் கூர்மையான வெட்டு. ஈரம் பளபளத்து, ஓரம் சிதைந்து தெரிந்தால் செல்கள் நசுங்கியிருக்கின்றன. அந்தத் துண்டுகள் வாணலியில் அதிகத் தண்ணீர் விடும்.

மேண்டலின் சீவியில் வெட்டுவதானால் கைக்காப்பு இல்லாமல் தொடாதீர்கள். ஈரமான சுக்கினி கையிலிருந்து வழுக்கும், பிளேடு விரலில் இறங்கும். கடைசி 3 செ.மீ. துண்டைக் கத்தியால் வெட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டிய முகத்தில் முத்து முத்தாகக் கசிகிறது, கையில் தோல் இறுகிப்போகிறது

வெட்டி இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். தோலுக்குச் சற்று உள்ளே, வளையமாகக் கண்ணாடி மணிகள்போல் துளிகள் நிற்கும். செடியின் சாறு செல்லும் நாளங்கள் அங்கே இருக்கின்றன. வெட்டுப்பட்டதும் அவை கசிகின்றன. காய் புதிது என்பதன் அடையாளம் அது, கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல. கிச்சன் டவலால் ஒற்றி எடுத்துவிட்டால் பொரிக்கும்போது எண்ணெய் தெறிப்பதும் குறையும்.

அந்தச் சாறு காய்ந்தால் பசைபோல் படலமாகும். நிறைய வெட்டினால் உள்ளங்கை இறுகி, தோல் உரிவதுபோல் தோன்றும். வெட்டும் முன் கையில் துளி எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது கையுறை போடுங்கள். படிந்துவிட்டால் எண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்பால் கழுவினால் போகும். அரிப்பும் சிவப்பும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். அடுத்த முறை கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

நீள இழைகள் அறுந்துபோகின்றன, தட்டில் குளம் கட்டுகிறது

காயைச் சுழற்றி நூடுல்ஸ்போல் நீள இழையாகச் சீவும் ஸ்பைரல் கருவிக்கு 4 முதல் 5 செ.மீ. விட்டமுள்ள, நேரான காய் வேண்டும். இரு முனையையும் செங்குத்தாக, தட்டையாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் காய் மையம் விலகிச் சுழலும், இழை அரைவட்டமாக அறுந்து விழும். பீலரால் ரிப்பன் சீவுவதானால் விதைப்பகுதி தெரிந்ததும் நிறுத்தி, காயைத் திருப்பி மறுபக்கம் சீவுங்கள். விதைப்பகுதி ரிப்பனாக நிற்காது.

குளம் கட்டுவதற்குக் காரணம், அதிக நேரம் சமைப்பது. சூடான பாத்திரத்தில் 1 முதல் 2 நிமிடம் புரட்டினால் போதும். சாஸைத் தனியாகக் கெட்டியாகச் சுண்டவைத்து, அடுப்பை அணைத்தபின் இழையோடு சேருங்கள். இழையைச் சாஸில் போட்டுக் கொதிக்கவிட்டால் எவ்வளவு கெட்டியான சாஸும் நீர்த்துவிடும். பரிமாறும் வரை காத்திருக்கவும் வைக்காதீர்கள்.

கிரில்லில் துண்டுகள் கிழிகின்றன, கம்பியில் சுழல்கின்றன

நீளப் பலகைகளாக வெட்டுவதானால் 1 செ.மீ. கனம். அதற்குக் குறைந்தால் திருப்பும்போது நடுவில் கிழியும். எண்ணெயைக் கம்பித் தட்டில் ஊற்றாமல் காயில் தடவுங்கள். பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம், ஒரே ஒருமுறை திருப்பினால் போதும். ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். சிவந்ததும் தானாகவே விடும்.

கம்பியில் கோக்கும் வட்டம் சுழல்வது, மெத்தென்ற நடுப்பகுதியில் கம்பி குத்தியிருப்பதால். 2.5 செ.மீ. கனமாக வெட்டி, தோலின் ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கத் தோல்வழி வெளியே வரும்படி குத்துங்கள். தோல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் சுழன்றால் இரண்டு கம்பி.

ஓவனில் வாட்டியது சொதசொதவென்று இருக்கிறது

160, 170 டிகிரியில் வைத்திருப்பீர்கள். 220 டிகிரி செல்சியஸ் வேண்டும், டிரேயும் உள்ளேயே சூடாகியிருக்க வேண்டும். 2 செ.மீ. துண்டுகள், 500 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், துண்டுகளுக்கு இடையே விரல் இடைவெளி, வெட்டு முகம் கீழே. 15 முதல் 20 நிமிடம். டிரே நிறைந்துவிட்டால் இரண்டாகப் பிரியுங்கள்.

உள்ளே பூரணம் வைத்த காய் சாய்ந்து, அடியில் தண்ணீர் தேங்குகிறது

சுவரை அதிகமாக வழித்துவிட்டால் சாயும். ஸ்பூனால் வழிக்கும்போது 6 முதல் 8 மில்லிமீட்டர் சதை எல்லாப் பக்கமும் மிஞ்ச வேண்டும், இரு முனையிலும் 1 செ.மீ. தடுப்புப்போல் விடுங்கள். அடிப்பக்கம் ஒரு துளி சீவினால் ஆடாமல் நிற்கும். ஆனால் சதை தெரியும்வரை மட்டும், ஓட்டை விழும்வரை அல்ல.

தண்ணீருக்கு: உட்புறம் உப்புத் தடவி, டவல்மேல் 15 நிமிடம் கவிழ்த்து வையுங்கள். துடைத்து, பூரணம் இல்லாமல் 200 டிகிரியில் 10 நிமிடம் வெறுமனே வாட்டுங்கள். பூரணத்தைத் தனியே முழுதாக வேகவைத்து வைத்தால், அதற்காகக் காயை அதிக நேரம் ஓவனில் விட வேண்டி வராது.

பளிச்சென்ற பச்சை மங்கி, பழுப்பேறிய பச்சையாகிறது

புளிப்பும் நீண்ட சூடும் பச்சையத்தைச் சிதைக்கும். எலுமிச்சை, வினிகர், தக்காளி எதுவானாலும் கடைசியில் சேருங்கள். தக்காளிச் சாறில்தான் சமைக்க வேண்டும் என்றால் நிறம் மங்கத்தான் செய்யும். மஞ்சள் சுக்கினியைப் பயன்படுத்தலாம்.

சாப்பிடும்போது மண் கடிக்கிறது

தோலில் நுண்ணிய மயிர்கள் உண்டு, மண் அதில் சிக்கிக்கொள்ளும். ஓடும் தண்ணீரில் உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துணியால் துடையுங்கள். வெட்டுவதற்கு முன்புதான் கழுவ வேண்டும், ஃபிரிட்ஜில் வைக்கும் முன் அல்ல.

ஃபிரிட்ஜில் வைத்த காயில் குழி விழுகிறது, கொழகொழக்கிறது

சுக்கினிக்குக் கடும் குளிர் ஆகாது. 5 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் தோலில் நீர்கோத்த குழிகள் விழும். உள்ளே இருக்கும்போது நன்றாகத் தெரிந்த காய், வெளியே எடுத்து ஒரு நாளில் தளர்ந்துவிடும். காய்கறி டிராயரில், ஈரமில்லாமல், வாய் திறந்த பையில் வைத்து நான்கைந்து நாளுக்குள் சமைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

பூ இருந்த நுனி மட்டும் மென்மையாகி மற்றப் பகுதி கெட்டியாக இருந்தால், அந்த நுனியிலிருந்து 2 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டி எறியுங்கள். வெட்டு முகம் வெள்ளையாக, வாடையில்லாமல் இருந்தால் மிச்சம் சமைக்கலாம். பூஞ்சை, புளித்த வாடை, விரலில் இழுபடும் கொழகொழப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் முழுக் காயும் குப்பைக்கு. நறுக்கி மிஞ்சிய துண்டுகளைக் கிச்சன் டவல் விரித்த டப்பாவில் மூடிவைத்தால் 3 நாள் வரை தாங்கும். உப்பு தொட்ட துண்டுகள் அதுவரை தாங்காது.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தது கூழாகிறது

உறையும் தண்ணீர் செல்சுவரைக் கிழித்துவிடும். அதை முழுதாகத் தடுக்க வழியில்லை. பச்சையாக அப்படியே வைத்தால் நிறமும் ருசியும்கூடக் கெடும். 1.2 செ.மீ. வட்டங்களைக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் அதே நேரம் ஆறவிட்டு, நன்றாகத் துடைத்து, டிரேயில் தனித்தனியாக உறையவிட்டபின் பையில் கட்டுங்கள். எடுக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிக்கும் சூப்பில் போடுங்கள். வதக்கலுக்கு இது ஆகாது.

துருவலானால் 1 முதல் 2 நிமிடம் ஆவியில் காட்டி, ஆறவைத்து, ஒரு கேக்குக்கு வேண்டிய அளவு அளவாகப் பொட்டலம் போடுங்கள். உருகும்போது நிறையத் தண்ணீர் விடும். அதை வடித்துவிட்டு மாவில் சேருங்கள். முன்பே வடித்தாயிற்று என்றால் மறுபடி பிழிய வேண்டாம், கேக் வறண்டுவிடும்.